குவிட்டும் குவாயட்டும்: விடு வேறு, வீடு வேறு

வேலையை விட்டு நின்ற இளைஞரைக் கேட்டால், “குவிட் பண்ணிட்டேன்” என்கிறார். வகுப்பில் சத்தம் அதிகமானால் ஆசிரியை “குவாயட்” என்று மேசையைத் தட்டுகிறார். சொந்த வீடு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை நில அலுவலகத்தில் “குவிட் ரெண்ட்” கட்டுகிறார். வாடகை வீட்டில் இருப்பவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், அவர் படிக்காமல் விட்ட ஏதோ ஒரு பக்கத்தில், “குவாயட் எஞ்சாய்மென்ட்” என்று ஒரு வரி இருக்கிறது.

காதுக்கு இரண்டு சொல்லும் ஒன்று போலத்தான் கேட்கின்றன. எழுத்தில் பார்த்தாலும் குவாயட்டில் ஓர் எழுத்துதான் கூடுதல். அந்த எழுத்து இடம் மாறி வார்த்தையின் கடைசியில் போய் உட்கார்ந்தால் “குவாய்ட்” என்று மூன்றாவது சொல்லாகிவிடும். பள்ளிக்கூடத்தில் இவற்றை மாற்றி எழுதினால் அரை மதிப்பெண் போகும். வீட்டு விவகாரத்தில் மாற்றிப் புரிந்து கொண்டால் சில சமயம் வீடே போகும். ஆகவேதான் இந்தச் சின்னஞ்சிறு சொற்களைக் கொஞ்சம் பெரிதாகவே பேச வேண்டியிருக்கிறது.

லயத்துக்கு வராத கடிதம்

கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு சேரும் இடத்தில் இருப்பது கோலா கெத்தில். பாலிங் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிறு பட்டணத்தைச் சுற்றி முன்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர்த் தோட்டங்கள். பிறகு பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. கூலிம், பாடாங் செராய், லூனாஸ், சுங்கை பட்டாணி, பீடோங் என்று கெடாவின் தென்பகுதி முழுவதற்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இந்தத் தோட்டங்களில் மூன்று தலைமுறை லயத்து வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. வேலை இருக்கும் வரை வீடு இருந்தது. அந்த வீடு நிற்கும் நிலத்துக்கு யார் வரி கட்டினார்கள்? தோட்ட நிர்வாகம் கட்டியது. நில அலுவலகத்துக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. கிராணி பிரித்துப் பார்த்தார். துரை கையெழுத்துப் போட்டார். லயத்து வாசலுக்கு அந்தக் கடிதம் ஒரு நாளும் வந்ததில்லை. தாத்தா பார்க்காத காகிதம். அப்பாவும் பார்க்காத காகிதம்.

அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், வங்கிக் கடன் எடுத்து, தாமானில் ஒரு வீடு வாங்குகிறார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாக ஒரு நிலப்பட்டா, அதாவது நம் மக்கள் கெரான் என்று சொல்லும் காகிதம், அவர்கள் பெயரில் வருகிறது. அதைத் தொடர்ந்து முதல் குவிட் ரெண்ட் கடிதமும் வருகிறது.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு “குவிட்” என்ற சொல் புதிதல்ல. ஆனால் அவர்கள் அதைக் கேட்ட இடம் வேறு. வேலை ஓய்ந்தவருக்கும் தோட்டம் கைமாறிய காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கும் வந்த “நோட்டீஸ் டு குவிட்” என்ற காகிதத்தில்தான். வீட்டைக் காலி செய்யும்படி சொல்லும் காகிதம் அது. அந்தக் காதோடு கேட்கிறவருக்கு “குவிட் ரெண்ட்” என்றால் என்ன தோன்றும்? ‘ரெண்ட் என்றால் வாடகை, குவிட் என்றால் வெளியேறு. சொந்தக் காசில் வாங்கிய வீட்டுக்கு எதற்கு வாடகை? கட்டாவிட்டால் வெளியேறு என்கிறார்களா?’ என்று கேட்கத்தானே தோன்றும்? கேள்வியில் தவறில்லை. அந்தச் சொல்லைத்தான் விளங்கிக் கொள்ள வேண்டும்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

குவிட், குவாயட், குவாய்ட் மூன்றுக்கும் வேர் ஒன்றே. லத்தீன் மொழியில் “குவியேட்டுஸ்” என்று ஒரு சொல். ஓய்ந்திருப்பது, அமைதியாக இருப்பது என்று பொருள். அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. வந்த இடத்தில் அமைதி என்ற பொருளை அப்படியே வைத்துக் கொண்டது குவாயட். குவிட் வழக்கு மன்றத்துப் பக்கம் போனது. கடன்காரன் தொல்லை இல்லாதவன் அமைதியாக இருக்கிறான். ஆகவே கடன் தீர்ந்தவன், பொறுப்பு தீர்ந்தவன் “குவிட்” ஆனான். குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்படுவதை ஆங்கிலத்தில் “அக்குவிட்” என்று சொல்வதும் இதே வழியில் வந்ததுதான். முழுதாகத் தீர்ந்தது, முற்றிலும் என்ற பொருளில் நின்றது குவாய்ட்.

கவனிக்க வேண்டியது இதுதான். குவிட் என்பதன் பழைய பொருள் ‘வெளியேறு’ அல்ல, ‘விடுபட்ட’ என்பதுதான். விடுபடுதல், பிறகு விட்டுக் கொடுத்தல், பிறகு விட்டுப் போதல் என்று பொருள் படிப்படியாக நகர்ந்து, கடைசியில்தான் வெளியேறுதலில் வந்து நின்றது. 1942 ஆகஸ்டில் பம்பாயில் காங்கிரஸ் நிறைவேற்றிய ‘குவிட் இந்தியா’ தீர்மானத்தைத் தமிழர்கள் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று முழங்கினார்கள். அங்கே அந்தப் பொருள் மிகச் சரி. ஆனால் குவிட் ரெண்ட் அந்தத் தீர்மானத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

தமிழருக்கு இது புதிய விஷயமும் அல்ல. நம்மிடமே “விடு” இருக்கிறது, “வீடு” இருக்கிறது. எழுத்தில் பார்த்தால் ஒரு குறில், ஒரு நெடில், அவ்வளவுதான் வேற்றுமை. விடு என்ற வினையிலிருந்துதான் வீடு என்ற பெயர் பிறந்தது என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்று வரிசை சொல்லும்போது வீடு என்றால் விடுதலை. மாலையில் வேலை முடிந்து “வீட்டுக்குப் போகிறேன்” என்றால் கூரையும் அடுப்பும் உள்ள வீடு. இரண்டுக்கும் அடிக்கருத்து ஒன்று: பாரத்தை இறக்கி வைக்கும் இடம். ஆனால் “வீட்டை விடு” என்று ஒருவர் வந்து சொன்னால் அதே இரண்டு சொற்கள் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன!

குவிட் ரெண்ட்: விடுவிக்கும் காசு

இடைக்கால இங்கிலாந்தில் நிலம் வைத்திருப்பவன் தன் பிரபுவுக்குப் பல வகையில் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவன். அறுவடைக்குப் போக வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், அழைக்கும்போதெல்லாம் ஓட வேண்டும். இதற்குப் பதிலாக ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கட்டிவிட்டால் மற்ற ஊழியங்களிலிருந்து நிலம் விடுபட்டது, ‘குவிட்’ ஆயிற்று. விடுவிக்கும் வாடகை என்பதால் அதற்குக் குவிட் ரெண்ட் என்று பெயர் வந்தது.

ஆங்கிலேயர் கப்பலேறிப் போன இடங்களுக்கெல்லாம் இந்தச் சொல்லும் போனது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் குவிட் ரெண்ட் வாங்கினார்கள். சென்னை மாகாணத்தில் இனாம் நிலங்களுக்கு வாங்கிய குறைந்த வரியை ஊர்க் கணக்கில் “ஜோடி” என்று எழுதினார்கள். ஆங்கிலக் கணக்கில் அதற்குக் குவிட் ரெண்ட் என்றே பெயர். 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் பதிவுகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். மலாயாவுக்கும் அது வந்து சேர்ந்தது. மலாய் மொழியில் அதற்கு “சுக்காய் தானா”, அதாவது நில வரி. சொல்லப் போனால் மலாய்ப் பெயர்தான் விஷயத்தை நேராகச் சொல்கிறது.

வரியிலிருந்து நிலத்தை விடுவிக்கும் வழக்கம் நம் பழைய ஆவணங்களிலும் உண்டு. அதற்கு “இறையிலி” என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் கெடாவுக்கும்கூட ஒரு பழைய உறவு இருக்கிறது. கடாரத்து அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். பிறகு 1090-ஆம் ஆண்டளவில் கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக் கொண்டதற்கிணங்க, அந்த விகாரத்துக்குரிய ஊர்களின் வரிகளை முதலாம் குலோத்துங்கன் நீக்கிக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆவணங்கள் இந்தச் செய்திகளைச் சொல்கின்றன. கடாரம் என்பது இன்றைய கெடா என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. ஆக, நிலத்தைப் பற்றி, வரியைப் பற்றி, அதிலிருந்து விடுபடுவதைப் பற்றி எழுதி வைத்துக் கொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. லயத்து வாழ்க்கையில்தான் அது நம் கையை விட்டுப் போனது.

கட்டாவிட்டால் என்ன ஆகும்?

தீபகற்ப மலேசியாவில் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி நிலத்தை அளிப்பது மாநில அரசு; நிலத்துக்குரியவர் ஆண்டுதோறும் மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டும். காலவரையற்ற உரிமையுள்ள நிலமாக இருந்தாலும் இது உண்டு. “நமக்குத்தான் நிரந்தரப் பட்டா ஆயிற்றே” என்று கட்டாமல் இருக்க முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த ஆண்டுக்குரிய வரி செலுத்த வேண்டியதாகிறது. மே 31-க்குள் கட்டிவிட வேண்டும். ஜூன் முதல் தேதி விடிந்தால் அது நிலுவை. நிலுவை நீண்டால் நில நிர்வாகி 6-ஏ பாரத்தில் கோரிக்கை நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்த நாளிலிருந்து மூன்று மாத அவகாசம் உண்டு. முழுத் தொகையையும் கட்டிவிட்டால் அதோடு தீர்ந்தது. கட்டாவிட்டால் நிலத்தை மாநில அரசு பறிமுதல் செய்ய ஆணை பிறப்பிக்கலாம்.

ஒரு வீட்டு மனைக்கு ஆண்டு வரி பெரும்பாலும் பெரிய தொகை அல்ல. அதனால்தான் ஆபத்து. சிறு தொகை மறந்து போகும். அப்பா பெயரில் கெரான் இருக்கும், அப்பா காலமாகியிருப்பார், பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். கடிதம் பழைய முகவரிக்கே போய்க் கொண்டிருக்கும். அந்த முகவரியில் இருந்த லயம் இடிக்கப்பட்டுச் செம்பனை முளைத்திருக்கும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஷா ஆலாமிலோ வேலையில் இருப்பார்கள். ‘கடிதமே வரவில்லையே’ என்று பிறகு சொல்வதால் கணக்கு நின்று விடாது. கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் வரி ஜனவரியில் பிறந்து விடுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பாலிங் மாவட்ட மன்றம், சுங்கை பட்டாணி நகராட்சி போன்ற ஊராட்சி மன்றங்கள் வாங்கும் மதிப்பீட்டு வரி வேறு. குப்பை எடுப்பது, கால்வாய், தெருவிளக்கு முதலியவற்றுக்கான வரி அது. ஆண்டுக்கு இரண்டு தவணை. குவிட் ரெண்ட் நில அலுவலகத்துக்கு, ஆண்டுக்கு ஒரு முறை. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதையும் கட்டியாயிற்று என்று நினைத்துக் கொள்பவர்கள் உண்டு. ரசீதில் யார் பெயர், எந்த அலுவலகத்தின் முத்திரை என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

அரசு நிலத்தில் ஆண்டுதோறும் தற்காலிக உரிமக் கட்டணம் கட்டி வசிப்பவர்கள் வேறு வகை. அந்தக் கட்டணம் குவிட் ரெண்ட் அல்ல. அதைப் பத்து ஆண்டு கட்டினாலும் நாற்பது ஆண்டு கட்டினாலும் நிலம் சொந்தமாகி விடாது. உரிமம் ஆண்டு முடிவோடு காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். ‘அரசாங்கத்துக்குக் காசு கட்டினேன், ரசீது இருக்கிறது’ என்பது உண்மைதான். எதற்குக் கட்டிய காசு என்பதுதான் கேள்வி.

வெளியேறு என்ற குவிட்

இனி மற்றக் குவிட்டுக்கு வருவோம். 1950-களில் தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் மக்கள் இன்றும் நினைவு வைத்திருக்கும் காலம் அது. துண்டு நிலம் வாங்கியவருக்கு நூறு பால்மரத் தொழிலாளர்கள் தேவையில்லை. வேலை போனது. வேலையோடு ஒட்டிய வீடும் போனது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆளில்லாமல் நின்றன. அப்போது வந்த காகிதங்களில்தான் ‘குவிட்’ என்ற சொல் நம் மக்கள் மனத்தில் கசப்பாகப் பதிந்தது.

அதற்கு ஒரு பதிலும் கிடைத்தது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று எடுத்துச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளி என்று சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது: புக்கிட் சிடிம் தோட்டம். வெளியேறு என்று காகிதம் வாங்கிய மக்கள், நிலத்துக்குக் குவிட் ரெண்ட் கட்டும் சங்கத்தின் பங்குதாரர்களாக மாறினார்கள். ஒரே சொல்லின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அவர்கள் கடந்த தூரம் அது.

ஆனாலும் எல்லாத் தோட்டமும் அப்படிக் காப்பாற்றப்படவில்லை. வேலையோடு சேர்ந்த வீடு வேலையோடு போகும் என்ற நிலை இன்றும் மாறவில்லை. 1990-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் வந்தது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வீடு யாருக்குச் சொந்தம் என்பதை அது மாற்றவில்லை.

குவாயட் என்றால் சத்தமில்லை என்பதா?

இப்போது வாடகை வீட்டுக்காரருக்கு வருவோம். ஒப்பந்தத்தில் உள்ள “குவாயட் எஞ்சாய்மென்ட்” என்ற வரியைப் பார்த்தால் ‘அமைதியான மகிழ்ச்சி’ என்று மொழிபெயர்க்கத் தோன்றும். பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்காமல் பார்த்துக் கொள்வார்களோ என்றும் தோன்றும். இரண்டுமே அல்ல. எஞ்சாய்மென்ட் என்பது இங்கே அனுபோகம். நம் பழைய கிரயப் பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்து’ என்று எழுதுவார்களே, அந்த அனுபவிப்பு. குவாயட் என்பது இடையூறு இல்லாமல். வாடகை ஒழுங்காகக் கட்டும் வரை, வீட்டுக்காரர் தானும் தன் ஆட்களும் தொந்தரவு செய்யாமல் இருப்பார் என்ற வாக்குறுதிதான் அது.

1999-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை விசாரித்த வழக்கு ஒன்று இதைத் தெளிவாக்கியது. லண்டன் சதர்க் நகர மன்றத்தின் அடுக்குமாடி வீடுகளில் சுவர் வழியே பக்கத்து வீட்டுச் சத்தமெல்லாம் கேட்கிறது என்று குடியிருந்தவர்கள் முறையிட்டார்கள். அண்டை வீட்டாரின் அன்றாட வாழ்க்கைச் சத்தம் இந்த வாக்குறுதியை மீறியதாகாது என்று தீர்ப்பானது. குவாயட் என்ற சொல் அங்கே சத்தமின்மையைக் குறிக்கவில்லை என்பதும் அதில் விளக்கப்பட்டது.

அப்படியானால் அந்த வரியால் என்ன பயன்? வாடகைக் காலம் நடப்பில் இருக்கும்போது வீட்டுக்காரர் திடீரென்று பூட்டை மாற்றினால், தண்ணீரை அடைத்தால், மின்சாரத்தைத் துண்டித்தால், அப்போது அந்த வரி பேசும். காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் காலி செய்யவில்லை என்றால்கூட, மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வாடகைக் குடித்தனக்காரரை நீதிமன்ற நடவடிக்கை வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்கிறது. ஆள் கூட்டிக் கொண்டு வந்து சாமானைத் தெருவில் வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அதே சமயம், நோட்டீஸை மேசை இழுப்பறையில் போட்டு வைத்துவிட்டு இருப்பதும் பாதுகாப்பு அல்ல. நீதிமன்றத்துக்குப் போனால் நோட்டீஸ் எந்தத் தேதியில் வந்தது, பதில் எப்போது போனது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எந்தக் காகிதம், யாரிடமிருந்து?

ஆகவே ‘குவிட்’ என்ற சொல் உள்ள காகிதம் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சொல்லின் அருகில் என்ன சொல் நிற்கிறது என்பதை. பக்கத்தில் ரெண்ட் இருந்தால், மலாயில் சுக்காய் தானா என்று இருந்தால், அது நில அலுவலகத்திலிருந்து வரும் வரி. கட்டினால் உரிமை காக்கப்படும். நோட்டீஸ் என்ற சொல்லோடு, மலாயில் “மெங்கோசோங்கான்” என்று இருந்தால், அது காலி செய்யச் சொல்வது. உடனே தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ சட்ட உதவி அலுவலகத்தையோ பார்க்க வேண்டும். “துந்துத்தான்” என்றிருந்தால் நிலுவையைக் கோருவது; மூன்று மாதக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அதோடு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. கெரானில் உள்ள பெயர் உயிரோடு இருப்பவர் பெயர்தானா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் கூடிப் பேசிப் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். நில அலுவலகத்தில் உள்ள முகவரி இப்போது வசிக்கும் முகவரிதானா என்று கேட்டு, இல்லையென்றால் திருத்தச் சொல்ல வேண்டும். கோலா கெத்தில் வட்டாரத்துக்காரர்களுக்குப் பாலிங் நில அலுவலகம். சுங்கை பட்டாணிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோலா மூடா நில அலுவலகம். வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போய் வந்தாலும் நட்டமில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்கள் பெரும்பாடு பட்டு ஒரு வீடு சேர்த்திருக்கிறார்கள். தாத்தா காலத்தில் துரை கையில் இருந்த காகிதம் இப்போது பேரன் கையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளையே போதும். மே மாதம் முடிவதற்குள் அந்தக் காகிதத்தை எடுத்து, பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.